சேலத்தில் நுண்ணறுவைப் பிரிவு: லூப் முதலில் வாங்குவதா, நுண்ணோக்கியா?

கேள்வி – செவ்வாய்ப்பேட்டை டாக்டர்

அனைவருக்கும் வணக்கம். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். முடித்து, சேலத்தில் ஒரு நடுத்தரத் தனியார் மருத்துவமனையில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். இங்கே இதுவரை, உருப்பெருக்கிக் கருவியின் உதவியோடு நுண்ணிய இரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் தைத்து இணைக்கும் நுண்ணறுவைப் பிரிவு இருந்ததில்லை. கொலுசுப் பட்டறை பிரஸ்ஸில் விரலைக் கொடுத்தவர்கள், விசைத்தறி பெல்ட்டில் கை மாட்டியவர்கள், ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து சோளத்தட்டு வெட்டும் இயந்திரத்தில் விரல் துண்டாகி வருபவர்கள் ஆகிய எல்லாரையும், முதலுதவி செய்து, துண்டான பகுதியைப் பையிலிட்டு ஐஸில் வைத்து, சுமார் 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கோவைக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்து வந்துள்ளது. இனி அவர்களில் ஒரு பகுதியினருக்காவது இங்கேயே சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது என் விருப்பம்; நிர்வாகமும் ஒப்புக்கொண்டுவிட்டது.

உருப்பெருக்கிக் கருவிகளுக்கென்று அவர்கள் ஒதுக்கியுள்ள தொகை, உயர்ரகப் புதிய நுண்ணோக்கி வாங்கப் போதாது. அத்தொகையில் 4.5 மடங்கு பிரிசம் லூப் (மூக்குக்கண்ணாடிபோல் அணியும் உருப்பெருக்கி) ஒன்றும், நல்ல நிலையிலுள்ள பழைய நுண்ணோக்கி ஒன்றும் வாங்கலாம். அல்லது லூப்பை விட்டுவிட்டு, இடைநிலைத் தரத்தில் புதிய நுண்ணோக்கி ஒன்றை வாங்கலாம். மூன்றாவதாக நிர்வாகமே ஒரு யோசனை சொல்கிறது. காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு நுண்ணோக்கியும் கண் பிரிவில் ஒன்றும் ஏற்கெனவே இருப்பதால், அவற்றில் ஒன்றைப் பகிர்ந்துகொண்டு லூப்பை மட்டும் வாங்கினால் என்ன என்று கேட்கிறார்கள். லூப்பை மட்டும் அணிந்து ஃப்ரீ ஃப்ளாப் (உடலின் ஓரிடத்துத் திசுவை இரத்தக்குழாயோடு எடுத்து வேறிடத்தில் இணைப்பது) செய்தவர்களின் அனுபவங்கள் 1995-லேயே அமெரிக்க இதழ்களில் வெளிவந்துள்ளன என்பதை நானும் படித்திருக்கிறேன். ஆனால் என் பெரும்பாலான நோயாளிகளுக்கு ஃப்ளாப் தேவைப்படாது. அவர்களுக்குத் தேவை விரல். இந்த வேறுபாட்டை நிர்வாகத்துக்கு எப்படி விளக்குவது, எதை முதலில் வாங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் – ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற கை அறுவை மருத்துவர்

அன்புள்ள டாக்டருக்கு வணக்கம். உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. எத்தனை மடங்கு பெருக்கம் வேண்டும் என்பதைக் கருவியின் விலைப்பட்டியலிலிருந்து தொடங்கினால் முடிவுக்கு வரவே முடியாது. தைக்கப்போகும் இரத்தக்குழாயின் விட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். தொடை ஃப்ளாப்பின் தமனி பெரும்பாலும் 2 மி.மீ. அளவில் இருக்கும், அதைக் கழுத்திலோ காலிலோ உள்ள அதே அளவுக் குழாயுடன் 8-0 அல்லது 9-0 நைலான் தையல் இழையால் (எண் கூடக் கூட இழை மெலியும்) இணைக்கிறோம். விரலின் அடிப்பகுதியில் டிஜிட்டல் தமனி (விரலுக்கு இரத்தம் தரும் தமனி) 1 மி.மீ.-ஐ ஒட்டி இருக்கும். நுனி மூட்டைத் தாண்டியதும் அது 0.5 மி.மீ. அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பட்டறை பிரஸ்ஸில் போகிற விரல்கள் பெரும்பாலும் நுனிப் பக்கத்தில்தான் போகின்றன என்பதால், உங்களுக்கு வரப்போகும் வேலையில் கணிசமான பங்கு 1 மி.மீ.-க்குக் கீழே உள்ள குழாய்களில்தான் இருக்கும்.

இதை நிர்வாகத்துக்கு விளக்க ஒரு கணக்குச் சொல்கிறேன். வெறுங்கண்ணால் 25 செ.மீ. தூரத்தில் ஏறத்தாழ 0.1 மி.மீ. இடைவெளியுள்ள இரண்டு புள்ளிகளைத்தான் பிரித்தறிய முடியும். 4.5 மடங்கு லூப் அணிந்தால் இந்த எல்லை சுமார் 0.022 மி.மீ.-க்கு வருகிறது. 10-0 நைலான் இழையின் தடிமனே 0.020 முதல் 0.029 மி.மீ. வரைதான், தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, லூப்பில் இழை தெரியும். இழை குழாய்ச் சுவரின் எந்த அடுக்கில் புகுந்து எந்த அடுக்கில் வெளிவருகிறது என்பது தெரியாது. 16 மடங்கில் பார்த்தால் அதே எல்லை 0.006 மி.மீ.-க்கு இறங்குகிறது. அப்போதுதான் உள்ளுறை உரிந்து குழாய்க்குள் தொங்குவதும், இழுபட்டுப் பிய்ந்த தமனியின் சுவருக்குள் இரத்தம் கசிந்து செம்புள்ளிகளாக நிற்பதும், அட்வென்டீஷியா எனப்படும் குழாயின் வெளியுறையின் ஒரு நார் தையலோடு சேர்ந்து உள்ளே மடிந்திருப்பதும் கண்ணுக்குப் படுகின்றன. பிரஸ்ஸில் நசுங்கிய விரலில் இவை மூன்றும் ஒரே குழாயில் இருக்கக்கூடும். நல்ல பகுதி எங்கே தொடங்குகிறது என்று கண்டு அதுவரை வெட்டிவிட்டு, தேவையானால் சிரைத்துண்டு வைத்து இணைப்பதா என்ற முடிவை லூப்பை நம்பி எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தையல் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இரத்தம் ஓடும். நசுங்கிய பகுதியில் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் சிறிது நேரத்தில் அடைத்துவிடும்.

1995-இல் வெளிவந்த அந்தக் கட்டுரைகளை நானும் மதிக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் நுண்ணோக்கியில் பல்லாண்டு கை பழகியவர்கள் என்பதையும், அவர்கள் தேர்ந்தெடுத்த குழாய்கள் பெரும்பாலும் பெரியவை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். தொடை ஃப்ளாப்பையும் மணிக்கட்டுத் தமனியையும் லூப்பில் இணைப்பது நியாயமான தேர்வு. குழந்தையின் விரலுக்கும் பெரியவரின் விரல் நுனிக்கும் அந்த நியாயம் பொருந்தாது.

இதனால் லூப் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நுண்ணறுவையில் நேரத்தின் பெரும்பகுதி இணைப்பில் போவதில்லை. குழாய்களைத் தேடுவதிலும், நரம்பையும் சிரையையும் அடையாளமிட்டு வைப்பதிலும், ஃப்ளாப்பின் துளைநாளங்களை (தசையைத் துளைத்துத் தோலுக்கு வரும் சிறு குழாய்களை) தசைக்குள் பின்தொடர்ந்து போவதிலும்தான் போகிறது. அந்த வேலைக்கு நுண்ணோக்கியை இழுத்து வைத்தால், கையை இரண்டு விரற்கடை நகர்த்துவதற்குள் பார்வைப் பரப்பு முடிந்துவிடும். 10 மடங்கில் ஏறத்தாழ 2 செ.மீ. வட்டமும், 20 மடங்கில் 1 செ.மீ. வட்டமும்தான் தெரியும், குவிய ஆழமும் மிகக் குறைவு என்பதால், உயரம் சிறிது மாறினாலும் படம் மங்கிவிடும். தேடும் வேலைக்கு 2.5 அல்லது 3.5 மடங்கு லூப்பே சரி. நீங்கள் 4.5 என்று எழுதியிருக்கிறீர்கள். நுண்ணோக்கி கையில் இருக்கும் என்றால் 3.5 போதும், எடை குறையும், பரப்பு விரியும், கழுத்து தப்பிக்கும். லூப்பை மட்டுமே நம்பி இணைப்பவர்களுக்குத்தான் 4.5-உம் அதற்கு மேலும் தேவைப்படுகிறது.

லூப்பை எடுக்கும்போது பெருக்கத்தைவிட இரண்டு அளவுகளில் கவனம் வையுங்கள். ஒன்று, கண்ணிலிருந்து வேலை நடக்கும் இடம் வரையிலான தூரம். விற்பனையாளர் அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அளப்பதை ஏற்காதீர்கள். உங்கள் தியேட்டரில், நீங்கள் உட்காரும் ஸ்டூலில், கை அறுவை மேசையின் உயரத்தில், முழங்கை மடங்கி முன்கை மேசையில் அமர்ந்த நிலையில் அளக்கச் சொல்லுங்கள். மற்றொன்று கீழ்நோக்கும் கோணம். அது போதாவிட்டால் மீதிக் கோணத்தைக் கழுத்து குனிந்து ஈடுசெய்யும். நான்கு மணி நேரம் அப்படி ஈடுசெய்த கழுத்து பிற்காலத்தில் கணக்குக் கேட்கும். இப்போது பிரிசத்தால் ஒளியை வளைத்து, தலையை நிமிர்த்தியபடியே கீழே பார்க்க வைக்கும் லூப்புகள் கிடைக்கின்றன. பழக்கத்துக்கு வரச் சில வாரங்கள் பிடிக்கும். இளம் வயதிலேயே தொடங்குபவருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

நுண்ணோக்கியைப் பொறுத்தவரை நான் வலியுறுத்துவது ஒன்றுதான். எதிரே உட்காரும் உதவியாளருக்கு உங்களுக்குக் கிடைக்கும் அதே முப்பரிமாணப் படம் கிடைக்க வேண்டும். கை அறுவையில் உதவியாளர் மேசைக்கு எதிர்ப்புறம் உட்காருகிறார். ஆகவே 180 பாகையில் எதிரெதிரே அமைந்த இரண்டு இரட்டைக்கண் குழாய்கள் தேவை. கண் பிரிவின் நுண்ணோக்கியில் உதவியாளருக்குரிய குழாய் பெரும்பாலும் பக்கவாட்டில் இருக்கும். அங்கிருந்து உங்கள் உதவியாளர் இழையை வெட்டக்கூடச் சரியாகக் கை நீட்ட முடியாது. பெருக்கத்தில் குறைவான, ஆனால் எதிரெதிர்க் குழாய் உள்ள நுண்ணோக்கியையும், பெருக்கத்தில் உயர்ந்த, ஆனால் ஒருவர் மட்டும் பார்க்கும் நுண்ணோக்கியையும் என் முன் வைத்தால், தயங்காமல் முதலாவதை எடுப்பேன்.

பதில் – மருத்துவக் கருவிப் பொறியாளர், ஐந்து ரோடு

டாக்டர் ஐயா எழுதியதோடு கருவியின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்ட மருத்துவமனைகளில் நுண்ணோக்கிகளைப் பராமரிப்பது என் தொழில்.

மேடம், காது மூக்கு தொண்டைப் பிரிவின் நுண்ணோக்கியைப் பகிர்வது பற்றி நிர்வாகம் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதில் பூட்டப்பட்டுள்ள பொருள்வில்லை (நோயாளியின் பக்கம் இருக்கும் வில்லை) எது என்பதை முதலில் பாருங்கள். மொத்தப் பெருக்கம் என்பது, நாம் பார்க்கும் இரட்டைக்கண் குழாயின் குவியத்தூரத்தைப் பொருள்வில்லையின் குவியத்தூரத்தால் வகுத்து, வருவதைக் கண்வில்லையின் பெருக்கத்தாலும் நடுவிலுள்ள பெருக்கமாற்றியின் எண்ணாலும் பெருக்கிக் கிடைப்பது. குழாய் 170 மி.மீ., கண்வில்லை 12.5, மாற்றி 1.6-இல் நிற்கிறது என்று கொள்வோம். பொருள்வில்லை 200 மி.மீ. என்றால் 17 மடங்கு கிடைக்கும். 250 என்றால் 13.6. குரல்வளை அறுவைக்காக 400 மி.மீ. வில்லை பூட்டியிருந்தால் அதே நுண்ணோக்கி 8.5 மடங்குதான் தரும். பல மருத்துவமனைகளில் இந்த வில்லையை மாற்றாமலே, "இந்த நுண்ணோக்கியில் சரியாகத் தெரியவில்லை" என்று கருவியைக் குறை சொல்வதை அடிக்கடி பார்க்கிறேன். காதுக்குப் பயன்படுத்தும் 200 அல்லது 250 மி.மீ. வில்லையே கைக்கும் பொருந்தும். 200-இல் பெருக்கம் கூடும், ஆனால் கருவிகளை உள்ளே வெளியே எடுக்க இடம் நெருக்கடியாக இருக்கும். பெரும்பாலான கை அறுவை மருத்துவர்கள் 250-ஐ விரும்புகிறார்கள்.

பகிர்வதில் வேறு ஒரு சிக்கலும் உண்டு. விரல் துண்டாகி வருவதற்கு நேரம் காலம் கிடையாது. காதுக்குத் திட்டமிட்ட அறுவை காலையில் நடந்துகொண்டிருக்கும்போது உங்கள் நோயாளி வந்தால் கருவிக்குக் காத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு தியேட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் ஒளியிழைக் கேபிள் மடிந்து உடைகிறது, நுண்ணோக்கியைத் தாங்கும் கையின் சமநிலை கெடுகிறது. தொடக்கத்தில் சில மாதங்களுக்குப் பகிரலாம். நிரந்தர ஏற்பாடாக அதை வைக்க வேண்டாம்.

பழைய நுண்ணோக்கி வாங்கும் முடிவை நான் ஆதரிக்கிறேன். நல்ல நிறுவனங்களின் ஒளியியல் பகுதி முறையாக வைத்திருந்தால் பல பத்தாண்டுகள் உழைக்கும். 1953-இல் சைஸ் நிறுவனம் வெளியிட்ட ஓப்மி 1 அறுவை நுண்ணோக்கியின் அடிப்படை அமைப்பே இன்றைய நுண்ணோக்கிகளிலும் தொடர்கிறது. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். ஒரு கட்டம் போட்ட தாளை மேசையில் வைத்து, மிக உயர்ந்த பெருக்கத்தில் கூர்மையாகக் குவித்துவிட்டு, வேறெதையும் தொடாமல் மிகக் குறைந்த பெருக்கத்துக்கு வாருங்கள். படம் கூர்மையாகவே நிற்க வேண்டும். கண்வில்லைகளின் டயாப்டரை (பார்வைப் பவரை ஈடுசெய்யும் வளையத்தை) சரிசெய்த பிறகும் மங்கினால் உள்ளே ஏதோ இடம் மாறியிருக்கிறது. பிறகு இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் கோடு இருக்கும் உயரத்திலேயே மற்றக் கண்ணிலும் இருக்க வேண்டும். ஒரு கண்ணில் கோடு சற்று மேலே ஏறித் தெரிந்தால், அந்தக் கருவியில் அரைமணி நேரம் வேலை செய்தவுடனே தலைவலி வந்துவிடும். வில்லையைக் கழற்றி டார்ச் ஒளியைச் சாய்வாக அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி இழைபோலத் தெரியும். ஒட்டிய வில்லைகளின் விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் பசை விட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒளியிழைக் கேபிளின் ஒரு முனையை ஜன்னல் பக்கம் காட்டி மறுமுனையைப் பாருங்கள். கரும்புள்ளிகள் உடைந்த இழைகள். கடைசியாக, கருவியின் கையை நீட்டி விட்டுவிட்டுச் சற்று நேரம் நின்று பாருங்கள். அது தானாக மெதுவாகக் கீழே இறங்கினால் பிரேக் தேய்ந்திருக்கிறது.

விளக்கைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். செனான் விளக்கு பிரகாசமானது, அதன் ஆயுள் பொதுவாக 500 மணி நேரம். மீட்டரில் எத்தனை ஓடியிருக்கிறது என்று பாருங்கள், மாற்று விளக்கின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஹாலஜன் மலிவு, ஆனால் அறுவையின் நடுவில் அணையக்கூடியது. மாற்று விளக்கு உள்ளேயே தயாராக நிற்கும் அமைப்பு அவசியம். எல்இடி-ஆக மாற்றிக்கொள்ள வழியுள்ள மாதிரி கிடைத்தால் அதையே எடுக்கலாம். மின்சாரம் ஒரு நொடி விட்டு வந்தாலும் செனான் விளக்கு அணைந்துவிடும் என்பதால் யு.பி.எஸ். இணைப்பைத் தவிர்க்க முடியாது.

ஏற்காட்டு ஐயாவுக்குத் தெரியாததில்லை. மலைமேல் வில்லைகள் எவ்வளவு சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும் என்பதை அங்கே கேமரா வைத்திருப்பவர்களும் அறிவார்கள். ஆனால் கீழே சேலத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏ.சி.யை நிறுத்திப் பூட்டிய தியேட்டர்களில் இதே கதைதான். நுண்ணோக்கியைப் பிளாஸ்டிக் உறையால் மூடாதீர்கள். ஈரம் உள்ளேயே நின்றுவிடும். துணி உறை போடுங்கள். பயன்படுத்தாத கண்வில்லைகளையும் லூப்பையும் சிலிக்கா ஜெல் உள்ள மூடிய பெட்டியில் வையுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சூடுபடுத்தி மீண்டும் பயன்படுத்தலாம். வில்லையில் சலைன் தெறித்துக் காய்ந்திருந்தால், காய்ச்சி வடித்த நீரில் நனைத்த வில்லைத்தாளால் முதலில் உப்பைக் கரையுங்கள். அதன்பின் வில்லைக்குரிய திரவத்தால் நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடையுங்கள். ஸ்பிரிட் நனைத்த காஸ் துணி அங்கே போகவே கூடாது.

பதில் – தியேட்டர் செவிலியர்

மேடம், நான் நுண்ணறுவைத் தியேட்டரில் பல ஆண்டுகள் ஸ்கிரப் செவிலியராக இருந்தவள். கருவி வாங்கும்போது எங்களை யாரும் கேட்பதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

நுண்ணோக்கியில் ஒரு கேமராவும், நான் நிற்கும் இடத்திலிருந்து தெரியும்படி ஒரு திரையும் கண்டிப்பாக வையுங்கள். திரை இல்லாத தியேட்டரில், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல், மருத்துவர் கையை நீட்டும்போதெல்லாம் எதைக் கொடுப்பது என்று ஊகிக்க வேண்டியிருக்கும். கண்வில்லையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் கையை நீட்டுவார். கருவி விரலுக்குள் சரியான திசையில் வந்து அமர வேண்டும். முடிச்சு விழும் நேரத்தைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தால், கேட்பதற்கு முன்பே கத்தரி தயாராக இருக்கும். குழாய் உலர்ந்து ஒளியில் மங்கத் தொடங்குவதும் திரையில் முதலில் எனக்குத்தான் தெரியும். சொட்டு ஹெப்பாரின் சலைன் (இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கலந்த உப்புநீர்) விடலாமா என்று கேட்க முடியும். 10-0 ஊசி எங்கே விழுந்தது என்பதைத் தேடவும் திரை உதவுகிறது. அது போய்விட்டால் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம்.

குமிழ்களுக்கு ஆட்டோகிளேவ் செய்யக்கூடிய ரப்பர் மூடிகள் கிடைக்கின்றனவா, டிரேப் உறை (நுண்ணோக்கியை மூடும் கிருமிநீக்கிய உறை) அந்த மாதிரிக்குச் சந்தையில் கிடைக்கிறதா என்பதையும் கேளுங்கள். பழைய மாதிரி சிலவற்றுக்கு உறை கிடைக்காமல், சாதாரண நெகிழிப் பையைக் கட்டி ஒப்பேற்றுவதைப் பார்த்திருக்கிறேன். பொருள்வில்லைக்கு முன் அது சுருங்கி நின்றால் படம் கெடும். உறை போட்ட பிறகுதான் நுண்ணோக்கிக் கையின் சமநிலையைப் பார்க்க வேண்டும் என்பதை எங்கள் பையன்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஜூம், குவியம் இரண்டையும் காலால் மாற்றும் பெடல் இருந்தால் நல்லது. கையால் திருப்ப வேண்டியிருந்தால் ஒவ்வொரு முறையும் மருத்துவரின் கை புண்ணிலிருந்து வெளியே வருகிறது. திரும்பிச் செல்லும்போது முன்கை ஊன்றிய நிலை மாறிவிடுகிறது, நடுக்கம் தொடங்குகிறது.

மறுகேள்வி – செவ்வாய்ப்பேட்டை டாக்டர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. பதில்களைப் படித்துவிட்டுக் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் சென்று பார்த்தேன். பொறியாளர் சார் சொன்னதுபோல் 400 மி.மீ. வில்லைதான் பூட்டியிருக்கிறது, 250 மி.மீ. வில்லை அலமாரியில் தனியாக இருக்கிறது. உதவியாளருக்கு ஒற்றைக்கண் குழாய் மட்டுமே உள்ளது. ஆகவே பழைய நுண்ணோக்கி ஒன்றை எதிரெதிர்க் குழாயோடு தேடுவது என்றும், லூப்பை 3.5 மடங்கில் எடுப்பது என்றும் முடிவு செய்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. எனக்குக் கிட்டப்பார்வை 3.5 டயாப்டரும், அதோடு ஒரு கண்ணில் 1.5 டயாப்டர் சிலிண்டர் பவரும் (அஸ்டிக்மாட்டிசம்) உண்டு. நுண்ணோக்கியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு டயாப்டரைத் திருப்பிக்கொண்டால் போதுமா? அடுத்து, எங்கள் தலைவர் ஒரு கருத்தரங்கில் எக்ஸோஸ்கோப் (கண்வில்லைக்குப் பதிலாகக் கேமராப் படத்தைத் திரையில் காட்டும் கருவி) பார்த்துவிட்டு வந்து, நேரடியாக அதற்கே போய்விடலாமே, தொகையைச் சிறிது கூட்டித் தருகிறேன் என்கிறார். கழுத்துக்கு அது நல்லது என்பதால் எனக்கும் சற்று ஆசை வருகிறது.

பதில் – ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற கை அறுவை மருத்துவர்

அன்புள்ள டாக்டருக்கு, கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். கண்வில்லையின் டயாப்டர் வளையம் கிட்டப்பார்வையையும் தூரப்பார்வையையும் மட்டுமே ஈடுசெய்யும், சிலிண்டரைச் செய்யாது. 1.5 என்பது சிறிய அளவன்று. ஒரு திசையில் ஓடும் இழை கூர்மையாகவும், அதற்குக் குறுக்கே ஓடும் குழாய் விளிம்பு மங்கலாகவும் தெரியும். கண்ணாடியை அணிந்தபடி, கண்வில்லையின் ரப்பர்க் கிண்ணத்தைக் கீழே மடித்துவிட்டு, டயாப்டரைச் சுழியில் வையுங்கள். வாங்கும் நுண்ணோக்கியின் கண்வில்லைகள் கண்ணாடி அணிபவர்களுக்கு உரிய நீண்ட கண்தூரம் (கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே விடக்கூடிய தூரம்) கொண்டவையா என்று பொறியாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பார்வை வட்டத்தின் ஓரங்கள் வெட்டுப்படும். லூப்பில் உங்கள் பவரை, சிலிண்டர் உட்பட, கண்ணாடியிலேயே அமைத்துத் தருவார்கள். ஆர்டர் கொடுப்பதற்கு முன் கண்ணைப் புதிதாகச் சோதித்துக்கொள்ளுங்கள். கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியே அளக்கச் சொல்லுங்கள்.

எக்ஸோஸ்கோப்பைப் பற்றி ஒளிவு மறைவின்றிச் சொல்கிறேன். முப்பரிமாணத் திரையைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்து வேலை செய்வது கழுத்துக்கும் முதுகுக்கும் பெரிய நன்மை. உதவியாளர், செவிலியர், மாணவர் எல்லாரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள் என்பது கற்பிக்கும் இடத்துக்கு விலைமதிப்பற்றது. ஆனால் எதிரெதிரே இருவர் உட்காரும் கை அறுவையில், எதிரில் இருப்பவருக்குத் திரையில் தெரியும் படம் தலைகீழாக அமையும். அதற்குத் தனித்திரை வைத்துப் படத்தைத் திருப்ப வேண்டும். அந்த வசதி எல்லா மாதிரியிலும் இராது. இருந்தால் விலை ஏறும். உயர்ந்த பெருக்கத்தில், 0.5 மி.மீ. குழாயில், ஆழத்தை உணர்வதற்குக் கண்வில்லைக்கு நிகராக அதை நான் இன்னும் கருதவில்லை. கண்வில்லையில் ஆயிரக்கணக்கான தையல்கள் போட்ட கை, திரைக்கு எளிதாக மாறிக்கொள்ளும். திரையில் தொடங்கி, திரை பழுதான இரவில் பழைய நுண்ணோக்கியில் உட்காருவது அவ்வளவு எளிதன்று. உங்கள் பிரிவில் இப்போது நீங்கள் ஒருவர்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தலைவர் தருவதாகச் சொன்ன கூடுதல் தொகையை மறுக்காதீர்கள். அதில் செவிலியர் அம்மா கேட்ட கேமராவையும் திரையையும் வாங்குங்கள். முன்கை முழுவதும் ஊன்றிக்கொள்ளும்படி அகலமான கை அறுவை மேசையும், உயரத்தைக் காலால் மாற்றும் இரண்டு நல்ல ஸ்டூல்களும் வாங்குங்கள். நாற்காலியின் உயரம் தவறினால் எந்த வில்லையும் கையின் நடுக்கத்தைக் குறைக்காது. மாறாக, நடுக்கத்தையும் அதே அளவு பெருக்கிக் காட்டும். இன்னும் மிஞ்சினால் பயிற்சிக்கென்று விலை குறைந்த மேசை நுண்ணோக்கி ஒன்றை வாங்கி உங்கள் அறையில் வையுங்கள். கறிக்கடையில் வாங்கும் கோழித் தொடையிலுள்ள தமனி 1 மி.மீ.-ஐ ஒட்டிய அளவில் இருக்கும். நோயாளி வராத வாரங்களில் அதில் தையுங்கள். உங்களுக்கு எதிரே உட்காரப்போகிற உதவி மருத்துவரையும் அங்கேயே உட்கார வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பழைய நுண்ணோக்கியைப் பார்க்கப் போகும் நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். எதிர்க்குழாயில் அவர் கண்ணுக்கும் படம் ஒன்றுசேர வேண்டும்.

பதில் – மருத்துவக் கருவிப் பொறியாளர், ஐந்து ரோடு

மேடம், பார்க்கப் போகும் நாளை முன்கூட்டியே சொன்னால் நானும் வருகிறேன். கட்டத்தாளும் டார்ச்சும் என்னிடம் இருக்கின்றன. தியேட்டர் எந்தத் தளத்தில் இருக்கிறது, மேலே கான்கிரீட் தளமா என்பதை மட்டும் உங்கள் கட்டடப் பொறியாளரிடம் கேட்டு வையுங்கள். லாரிகள் போகும் சாலையை ஒட்டிய அறையாக இருந்தால், தரையில் நிற்கும் ஸ்டாண்டில் 16 மடங்கில் படம் அதிர்வது தெரியும். அப்படியானால் உள்பக்க அறைக்கு மாற்ற வேண்டும், அல்லது கூரையில் பொருத்தும் மாதிரியைத் தேட வேண்டும். இது தெரிந்த பிறகு விலை பேசுவது நல்லது.